அஞ்சுதெங்குக்கு வந்த அலபாமா

பருத்தி வியாபாரத்திலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. இதில் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். அவர் பெயர் ரஃபேல் செம்ஸ். 1864 ஜனவரியில் அவருடைய கப்பல் திருவிதாங்கூர்க் கரையில், அஞ்சுதெங்கில் வந்து நின்றது.

1809இல் மேரிலாந்தில் பிறந்தவர். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்து, 1826இல் கடற்படையில் சேர்ந்தார். அமைதிக் காலத்தில் அங்கே வேலை குறைவு. கிடைத்த விடுப்பில் சட்டம் படித்து வக்கீலானார். மெக்ஸிகோ போரின்போது, 1846 டிசம்பரில், அவர் பொறுப்பில் இருந்த சோமர்ஸ் கப்பல் சூறைக்காற்றில் கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு கலங்கரை விளக்க வாரியத்தில் கோப்பு வேலை. ஐம்பது வயதுவரை அவ்வளவுதான்.

1861இல் தென் மாநிலங்கள் பிரிந்ததும் ராஜினாமா செய்துவிட்டு அவர்களிடம் போனார். அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைவித்த தரப்பு அது. அந்த முறையை அவர் நியாயமென்றே நம்பினார். அவர் துணிச்சலைப் பேசும்போது இதை மறைக்க எனக்கு மனமில்லை.

லிங்கன் தென்துறைமுகங்களை முற்றுகையிட்டதும் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றது. நம் பக்கம் கிராக்கி வந்தது. 1840களில் கோவையில் ராபர்ட் வைட் மேற்பார்வையில் கம்பெனி அரசு பண்ணை வைத்து, அமெரிக்காவிலிருந்து தோட்டக்காரர்களையே வரவழைத்தும் அமெரிக்கப் பருத்தி இங்கே வேரூன்றவில்லை. இப்போதோ நாட்டு உப்பம் பருத்திக்கே விலை ஏறியது. சென்னையிலிருந்து நம் கோவைப் பகுதி வழியாக பேப்பூர் வரை ரயில் பாதையும் 1862இல் முடிந்திருந்தது.

அதே ஆண்டு லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பர்க்கன்ஹெட் லேர்ட் தளத்தில் '290' என்ற எண்ணோடு ரகசியமாகக் கட்டிய கப்பல்தான் அலபாமா. பாயும் உண்டு, நீராவியும் உண்டு. பாய் விரித்தால் சுழலியை மேலே தூக்கிக்கொள்ளலாம். செம்ஸ் அதில் ஏறி வடவர்களின் வணிகக் கப்பல்களை வேட்டையாடினார். பிடித்தவை அறுபதுக்கு மேல். அருகில் போகும்வரை வேற்று நாட்டுக் கொடி. போனதும் சொந்தக் கொடி.

1863 டிசம்பர் 24. மலாக்கா நீரிணையில் மோல்மீனிலிருந்து அரிசி ஏற்றிவந்த ஒரு கப்பல். பின்புறத்தில் 'மார்ட்டபான்' என்ற பெயர், வண்ணம் புத்தம் புதிதாக. கொடி பிரிட்டிஷ், காகிதங்களும் பிரிட்டிஷ். கட்டுமானம் மட்டும் அமெரிக்கக் கட்டுமானம். வக்கீல் செம்ஸுக்கு அது போதும். கப்பல் தலைவரை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். பயத்தில் நடந்த பொய்க் கைமாற்றம் என்று அவர் ஒப்புக்கொண்டார். உண்மைப் பெயர் 'டெக்ஸன் ஸ்டார்'. அன்றே தீ. வழக்குத் தொடுத்தவரும் செம்ஸ், நீதிபதியும் அவரே. இது எனக்கு உவப்பில்லை. ஆனால் வேலை சுத்தம்.

ஜனவரி 14இல் மலபார்க் கரைக்கு அப்பால் 'எம்மா ஜேன்' எரிந்தது. அதிலிருந்தவர்களை இறக்கிவிடத்தான் அஞ்சுதெங்குக்கு வந்தார். அந்தக் கப்பல் பம்பாயிலிருந்து சரக்கில்லாமல் புறப்பட்டது. பம்பாயில் பஞ்சு மலைமலையாகக் குவிந்திருந்த காலம்! ஆனால் அமெரிக்கக் கொடி பறந்தால் காப்பீட்டுக் கட்டணம் தாங்காது என்று வணிகர்கள் வேறு கப்பலைத் தேடினார்கள்.

செம்ஸின் நிஜமான ஆயுதம் இந்தப் பயம்தான். அவர் எரித்த கப்பல்களைவிட, அவர் பெயரைக் கேட்டே கொடி மாற்றிக்கொண்டவை பல மடங்கு. 2023 கடைசியில் செங்கடலில் ஹூதிப் படையினர் கப்பல்களைச் சுட ஆரம்பித்தபோது நம் ஊர் ஏற்றுமதியாளர்கள் இதை அனுபவித்தார்கள்: தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பனியன் பெட்டிகளில் ஒன்றைக்கூட யாரும் தொட வேண்டியிருக்கவில்லை, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின, வாடகை எகிறியது, டெலிவரி தள்ளிப்போனது.

1864 ஜூன் 19இல் பிரான்சின் ஷெர்பூர்க் அருகே வடவர்களின் கீர்சார்ஜ் போர்க்கப்பலோடு மோதி அலபாமா மூழ்கியது. ஓர் ஆங்கிலேயரின் உல்லாசப் படகு செம்ஸைக் காப்பாற்றியது. போர் முடிந்ததும் இங்கே பருத்தி விலை விழுந்தது, பம்பாயில் பங்குகள் சரிந்தன. செம்ஸ் சில மாதம் சிறையில் இருந்தார். 1877இல் மொபைல் நகரில் காலமானார்.

அலபாமா போன்ற கப்பல்களைக் கட்டவிட்டதற்காக பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தர வேண்டுமென 1872இல் ஜெனீவா தீர்ப்பாயம் சொன்னது. எரிந்த கப்பலுக்கும் சரக்குக்குமே பணம். காப்பீடு ஏறியதும் கொடி மாறியதும் மறைமுக நஷ்டம் என்று தள்ளுபடி. கொடி மாறிய கப்பல்கள் திரும்பிவர அமெரிக்கச் சட்டமே பிறகு இடம் தரவில்லை.