மொழியை மீட்டவரும் மண்ணை இழந்தவரும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செத்த மொழியென்று உலகம் கைவிட்ட எபிரேயத்தை யூதர் மீட்டெடுத்த வரலாறு, தமிழியக்க மேடைகளில் பலகாலும் எடுத்துக்காட்டப் பெறுவது. 1881-இல் எருசலேம் வந்து சேர்ந்த எலியேசர் பென் யெகூதா, தம் இல்லத்தில் எபிரேயமன்றிப் பிறமொழி ஒலித்தலாகாது என உறுதி பூண்டார். மறுவாண்டு பிறந்த அவர்தம் மகனே, பல நூற்றாண்டுகட்குப் பின் எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதற் குழந்தை என்பர். அவர் தொடங்கிய பேரகரமுதலி, 1922-இல் அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழித்தே நிறைவுற்றது.

பெருமைக்குரிய செய்திதான். ஆயினும், அவ் வெற்றிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடுதல் தகாது. அடுத்த பக்கத்தில் பாலத்தீன மக்களின் கண்ணீர் எழுதப்பட்டுள்ளது. அக் கண்ணீரை முதற்கண் கண்டு சொன்னவருள் யூதரும் இருந்தனர்.

உருசியப் பேரரசில் 1856-இல் பிறந்த ஆசர் கின்சுபர்க்கு என்பார், 'மக்களுள் ஒருவன்' எனப் பொருள்படும் 'அகாத் ஆம்' என்னும் புனைபெயரில் எழுதியவர்; எபிரேய உரைநடைக்கு உரமூட்டியவர்; தம் இனத்தின் மறுமலர்ச்சிக்கே வாழ்ந்தவர். 1891-இல் பாலத்தீனம் சென்று, கண்டதை மறையாது 'இசுரேல் நாட்டிலிருந்து உண்மை' என்னும் கட்டுரையாக வெளியிட்டார். அந்நாடு ஆளற்ற பாழ்நிலமென வெளியிலுள்ளார் நம்புகின்றனர். விதைக்கப்படாத விளைநிலத்தை அங்குக் காண்பதே அரிது என்றார். நடப்பதை உணராத பாலைநில மாந்தராக அரபியரைக் கருதுவது பேதைமை என்றார். குடியேறிய யூதர் அவர்களைக் கொடுமையாக நடத்துவதை இடித்துரைத்தார். இசுரேல் அரசு தோன்றுவதற்கு 57 ஆண்டுகட்கு முன்பே ஒலித்த குரல் அது!

யூதரின் அச்சம் பொய்யன்று. உருசியாவில் 1881 முதல் அவர்தம் குடியிருப்புகள் மீண்டும் மீண்டும் சூறையாடப்பட்டன. இட்லரின் கொடுங்கோலாட்சி 60 இலக்கம் யூதரைக் கொன்று குவித்தது. ஓடிவந்தோர்க்குப் பல நாடுகள் கதவடைத்தன. இவ்வுண்மையை மறைப்பவன் அறம் பேசத் தகுதியற்றவன். ஆனால், ஐரோப்பா செய்த கொலைக்கு, யாழ்ப்பா நகரில் நாரத்தை வளர்த்த அரபு உழவன் எவ்வாறு பொறுப்பாவான்?

இவ் வினாவை எழுப்பிய யூதர் சிலர் 1925-இல் 'பிரித் சாலோம்' என்னும் அமைதி உடன்பாட்டுக் கழகத்தை எருசலேமில் அமைத்தனர். எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் யூதா மேக்னசும், மெய்யறிஞர் மார்த்தின் பூபரும் 1942-இல் 'இகூத்' என்னும் ஒற்றுமை இயக்கம் கண்டனர். ஒரே நாட்டில் ஈரினமும் நிகருரிமையோடு ஆளும் அரசே அவர்தம் கொள்கை. சொந்த இனத்தாரே அவர்களை இரண்டகர் எனப் பழித்தனர். எதிர்ப்புறத்திலும் நிலை அதுவே. யூதரோடு உடன்பாட்டில் ஒப்பமிட்ட அரபியத் தலைவர் பவுசி தர்வீசு அல்-உசைனி, 1946-இல் அரபியராலேயே கொல்லப்பட்டார்.

1948-இல் இசுரேல் எழுந்தது. 7 இலக்கத்திற்கு மேற்பட்ட பாலத்தீனர் ஏதிலிகளாயினர். வீட்டுத் திறவுகோல்களைக் கையிற் கொண்டு சென்றவர் பலர். திரும்பிவந்து கதவு திறக்கும் வாய்ப்பு அவர்கட்கு அளிக்கப்படவில்லை.

1967 போரில் மேற்குக் கரையும் காசாவும் இசுரேலின் பிடிக்குள் வந்தன. நாடே வெற்றிக் களிப்பில் திளைத்தபொழுது, சமயப்பற்று மிக்க யூத அறிஞர் எசாயாகு இலீபோவிச்சு, 1968-இலேயே எச்சரித்தார்: வேற்றின மக்களை அடக்கியாளும் அரசு உளவுக்காவல் அரசாகவே முடியும், கல்வியும் பேச்சுரிமையும் குடியாட்சியும் சீரழியும் என்பது அவர் கருத்து. 1993-இல் அரசின் உயர் பரிசு அவர்க்கு அறிவிக்கப்பட்டு எதிர்ப்பு மூண்டபொழுது, அதனை ஏலாது விடுத்தார்.

மொழிப்பற்றாளர் நெஞ்சிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பென் யெகூதா புதுச்சொற்கள் படைத்தபொழுது, எபிரேயத்தின் உடன்பிறப்பான அரபியின் வேர்களைக் கூச்சமின்றி ஏற்றார். ஆட்சிமுறை சார்ந்தது என்பதைக் குறிக்கும் 'இரிசுமி' என்னும் எபிரேயச் சொல்லே, 'இரசுமி' என்னும் அரபுச் சொல்லைப் பின்பற்றியதுதான். அந்த அரபியை, 2018 சூலையில் இயற்றிய நாட்டினச் சட்டத்தால், இசுரேல் ஆட்சிமொழி நிலையினின்று இறக்கிச் 'சிறப்புநிலை' என்னும் வெறும்பெயர் தந்தது. குடிமக்களுள் ஐந்தில் ஒருவர் அரபியர்! தன் மொழிக்கு உயிர் கொடுத்த இனம், உடன்வாழும் இனத்தின் மொழியைத் தாழ்த்தியது. மொழிக்காதலுக்கு நேரக்கூடிய இழிவுகளுள் இதனினும் பெரியது எது?

2023 அகுத்தோபர் 7-இல் கமாசு படையினர் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். ஏறத்தாழ 250 பேரைப் பிணையாளராகக் கொண்டு சென்றனர். கொல்லப்பட்டவருள் ஒருவர் விவியன் சில்வர். காசாவின் நோயாளரை இசுரேலிய மருத்துவமனைகட்குத் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற அமைதித் தொண்டர். அவர்தம் மகன் பழிவாங்கலை நாடவில்லை. தாயின் பணியையே மேற்கொண்டார். அரசோ காசாவை இடிபாட்டுக் காடாக்கியது. காசா நலத்துறைக் கணக்கின்படி, கொலையுண்டோர் தொகை 2025-இல் 60,000-ஐக் கடந்தது. 'சாயலில்' எனப் பொருள்படும் 'பெத்செலெம்' என்னும் இசுரேலிய மாந்தவுரிமை அமைப்பு, அதனை இனக்கொலை என்றே 2025 சூலையில் அறிவித்தது.

இவர்களெல்லாம் யூதப் பகைவர் அல்லர். யூதத்தின் மனச்சான்று ஆவர். இனப்பற்று என்பது, தன் இனம் செய்வதனைத்தையும் சரியென்று சாதிப்பதன்று. தவறும்பொழுது தடுத்து நிறுத்துவதுமாகும்.

எபிரேயத்திடம் மொழி மீட்கும் உறுதியைக் கற்க! அகாத் ஆமிடம், தன் இனத்தின் முகத்துக்கு நேரே உண்மை கூறும் திண்மையைக் கற்க! உரிமை கேட்கும் எவ்வினமும், அது கிடைத்த நாளில், பிறர்க்கு அதனை மறுக்காதிருக்க இன்றே உறுதி பூணுக!