தறியும் திருப்பீடமும்
(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஜூபிலி என்றால் ஆலயம் எழும்பிய வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்ல நம்மிடையே மூத்தோர் இருக்கிறார்கள். நாம் தறியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். காஞ்சியில் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேறெங்கே போவது?

கோயில்கள் நிறைந்த இந்நகரில் நாம் ஒரு சிறு மந்தை. நம் அண்டை வீட்டார் நற்செய்தி நூலைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நாம் எழுதும் ரசீதைப் பார்க்கிறார்கள். நம் தராசைப் பார்க்கிறார்கள். கூலியை என்றைக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்கிறார்கள்.

கோர்வைப் புடவை உங்களுக்குத் தெரிந்ததுதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். துணைக்கு இன்னொருவர் வேண்டும். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டே வரவேண்டும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வது இதனால்தான். முந்தி சேரும் இடத்தில் பிட்னி வேலை. பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் கோக்கவேண்டும். அவசரத்தில் ஓரிரு இழை தவறினால் கடையில் யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. வாங்கியவள் நாலாவது முறை உடுத்தும்போதுதான் தெரியும்.

ஜரிகையும் அப்படித்தான். சிவப்புப் பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல். தாமிரம் சுற்றியதும் விளக்கு வெளிச்சத்தில் அதே மாதிரிதான் மின்னுகிறது. அதை விற்பது பாவம் அல்ல. எல்லோராலும் அசலை வாங்க முடியுமா? ஆனால் மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்துவைத்த பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கிராமத்துத் தாயிடம், "அம்மா, இது அசல் இல்லை, விலையும் அதற்குத் தகுந்ததுதான்" என்று சொல்ல வேண்டும். நம் திருமுழுக்கு அங்கேதான் சோதிக்கப்படுகிறது. கரை போட்ட சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது. பட்டுக்கு முத்திரை 2004-இல் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் 2005-06-இல் கிடைத்தது. இத்தனையும் ஏன் தேவைப்பட்டது? வாங்குகிறவருக்கு விற்கிறவரின் சொல் போதாமல் போனதனால்தானே!

இனி, கொஞ்சம் கசப்பான செய்தி. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, புடவையை எடை போட்டு வாங்குகிறோம். அங்கே முதலாளிக்கும் சோதனை உண்டு, நெசவாளிக்கும் சோதனை உண்டு. ஆனால் இருவரும் சமமானவர்கள் அல்லர். முன்பணம் வாங்கியவன் வாய் திறக்கமாட்டான். அந்தக் கடனுக்காக அவன் மகன் பள்ளிக்குப் போகாமல் கரை நாடா தள்ளிய காலம் ஒன்று இவ்வூரில் இருந்தது. அதை நாமும் பார்த்துக்கொண்டு பூசைக்குப் போய் வந்தோம். 1986-இல் சட்டம் வந்தது. 2016-இல் அது இன்னும் கடுமையாயிற்று. சட்டம் வருமுன்பே திருச்சட்டம் இருந்தது. ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கச் சொன்னார் மோசே. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதினார் புனித யாக்கோபு.

புனிதர் ஆவதற்குத் துறவற மடம்தான் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பிறகு சாதி பாராமல் எல்லோரோடும் ஒன்றாகப் பழகினார். பலருக்கு அதுவே பொறுக்கவில்லை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. பாவு தோய்க்க வருபவருக்கு வீட்டார் குடிக்கும் டம்ளரிலேயே காப்பி கொடுக்கலாமா என்பதுதான் நம் கேள்வி. சில வீடுகளில் இதுவே பெரிய கேள்வியாக இருக்கிறது!

புனித பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு உட்கார்ந்து கூடாரம் செய்தார். போதித்துவிட்டு வந்து தொழிலில் கை வைப்பதை அவர் இழிவாக எண்ணவில்லை. நாசரேத்துத் தச்சருக்குத் தொழிலாளர் விழா என்று மே முதல் நாளைத் திருச்சபை 1955-இல் ஒதுக்கியது. அந்த நாளில் நம்மில் பலர் கடைக்கு விடுமுறை விட்டுப் படத்துக்கு மாலை போடுகிறோம். நல்லதுதான்.

ஒரு விண்ணப்பம் மட்டும். சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகி வா என்றார் ஆண்டவர். விழாவுக்குக் கொடியேற்ற இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. கூலி பாக்கி எழுதிய நோட்டு நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை இன்றிரவு எடுத்துப் பார்ப்போம். பாக்கிக்காரர் வீடு எந்தத் தெருவில் என்றும் நமக்குத் தெரியும்.