பார்வையற்றோர் கையில் கருவி
(பெரக்கரை நாட்டில் ஆற்றிய உரை)



70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவர வேண்டிய இக்கொல்லிமலையில், கழன்ற கதவுக் கீலைத் தாமே பொருத்தும் திறம் ஒவ்வொரு வீட்டார்க்கும் வேண்டும். பார்வையற்றோர்க்கு அது வேண்டாமா? அவர்கள் சுத்தியலைத் தொட்டாலே, "உனக்கேன் இது?" என்று பறித்துவிடுகிறோம். அன்பினால் செய்யும் அச்செயலே அவர்களை மூலையில் அமர்த்திவிடுகிறது.

பிரான்சு நாட்டில் 1809-இல் பிறந்த லூயி பிரெயில், குதிரைச் சேணம் தைக்கும் தோல் தொழிலாளியின் மைந்தர். 3 வயதில் தந்தையின் பட்டறையில் கூர்ங்கருவி பட்டு ஒரு கண் புண்பட்டது. நோய் பரவி மறு கண்ணும் போயிற்று. வளர்ந்தபின், கூர்முனைக் கருவி கொண்டே தாளில் புள்ளிகளைக் குத்தி எழுத்தமைத்தார். 1829-இல் அம்முறையை நூலாக வெளியிட்டார்.

இளைஞர்களே! கைப்பழக்கத்திற்கு வழி எளிது. பென்சில் கோடு விரலுக்குப் புலப்படாது. கத்திமுனையால் கீறிய கோடு நகத்திற்குப் புலப்படும். மரச்சட்டத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டும், பத்துக்கு ஓர் ஆழ்ந்த வெட்டும் இட்டால் அதுவே அளவுகோல். கோட்டை ஒட்டி நேரான கட்டையை இறுகப் பிணைத்தால், ரம்பம் அதன் ஓரமாகவே செல்லும். ஆணியைச் சீப்பின் பற்களிடையே நிறுத்தி அடித்தால் விரல் தப்பும். எல்லாவற்றினும் மேலாக, எடுத்த கருவியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். இடம் மாறிக் கிடக்கும் உளி அவர்கள் கையைக் கிழிக்கும்.

கைத்தொழிலையும் அதைச் செய்தோரையும் இழிவென ஒதுக்கிய கொடுமையை எதிர்த்தே நாம் கல்வியை நாடினோம். நம் வீட்டில் நாமே ஒருவரை ஒதுக்கலாமா? நம் சங்கம் எழுத்தறிவோடு இக்கைப்பயிற்சியையும் அவர்களுக்குத் தருதல் வேண்டும். பறித்த கருவியைத் திரும்பக் கொடுங்கள். அருகில் அமர்ந்து பழக்குங்கள்.