மூன்று கால் காவலன்

1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ஒரு சிறிய வீட்டுக் கணிப்பொறி வெளிவந்தது. சிங்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்பது அதன் பெயர். கறுப்புப் பெட்டி, ரப்பர் விசைகள், நினைவகமோ 16 அல்லது 48 கிலோபைட். வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே அதற்கு ஏடு. விலை 125 பவுண்டிலிருந்து தொடங்கியமையால் பள்ளிச் சிறுவர் பலரின் மேசையை அது எட்டிற்று. அச்சிறுவர்கள் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். பரணிலிருந்து அதனை இறக்கி மீண்டும் இயக்கிப் பார்க்க விழையும்போது அவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவற்றுள் ஒன்று, விரல்நுனி அளவே உள்ள ஓர் உறுப்பு. அதனைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அவ்வுறுப்பின் பெயர் 7805. மின்னழுத்தச் சீராக்கி என்று தமிழில் கூறலாம். பெயரின் இறுதியில் உள்ள 05, அது தரும் ஐந்து வோல்ட்டைக் குறிக்கும். அதற்குக் கால்கள் மூன்று: மின்சாரம் புகுவது ஒன்று, வெளிவருவது ஒன்று, நடுவில் நிற்பது பொதுக்கால். ஸ்பெக்ட்ரத்தின் மின்பெட்டி தருவது 9 வோல்ட்; சுமை குறைந்தால் அதற்கு மேலும் ஏறும். உள்ளிருக்கும் சில்லுகளுக்கு வேண்டுவதோ 5 வோல்ட். மிகுதியை 7805 என்ன செய்கிறது? வெப்பமாக்கி விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். ஓர் ஆம்பியர் ஓடுவதாகக் கொண்டால் உள்ளே வரும் 9 வாட்டில் 4 வாட் வீணே சூடாகிறது. அச்சூட்டை வாங்கிக்கொள்ளவே பெட்டிக்குள் ஓர் அலுமினியத் தகடு இருக்கிறது. சிக்கனமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எளிமையானது, மலிவானது.

இக்காவலன் இரு வகையில் தவறலாம். ஒன்று, சோர்ந்து போவது. சூடு மிகுந்தால் 7805 தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். கணிப்பொறி சில நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும். மற்றொன்று அரிது, ஆனால் கொடியது. உள்ளே தடுத்து நிற்கும் பகுதி பழுதுற்று வழிவிட்டால், 9 வோல்ட்டும் நேரே சில்லுகளின்மேல் பாயும். அவற்றுள் ஸ்பெக்ட்ரத்துக்கென்றே ஃபெரான்டி நிறுவனம் செய்துகொடுத்த சில்லு ஒன்று உண்டு. திரைக்காட்சி முழுவதும் அதன் பொறுப்பு. அந்நிறுவனம் இன்று இல்லை. அச்சில்லும் இப்போது செய்யப்படுவதில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் 7805 காத்து நிற்பது அத்தகைய பொருளை.

ஆயினும் கணிப்பொறி ஓடவில்லை என்றவுடன் சீராக்கியின்மேல் பழி போடுவது முறையன்று. வேறொரு சில்லு உள்ளுக்குள் குறுக்காக இணைந்துவிட்டாலும் ஐந்து வோல்ட் வீழ்ந்துவிடும். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெளிவரும் காலுக்கும் பொதுக்காலுக்கும் இடையே மின்தடையை முதலில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய சுழியம் காட்டினால் குற்றவாளி வேறிடத்தில் இருக்கக்கூடும். பெட்டியைத் திறக்கும்போதும் கவனம் வேண்டும். விசைப்பலகையின் நாடாக்கள் நாட்பட்டு முறியும் நிலையில் இருக்கும்.

கழற்றும் முறையில் நான் ஒரு பாடம் கற்றேன். முதன்முறை மூன்று கால்களையும் ஒருசேரச் சுடவைத்து இழுத்தேன். பலகையின் செப்புத்தடம் உரிந்து கூடவே வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது கழிந்தது. கால்களை முதலில் வெட்டிவிட வேண்டும். பின்பு ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். புதியதை வைக்குமுன் தகட்டில் காய்ந்திருக்கும் பழைய பசையைத் துடைத்து, வெப்பங்கடத்தும் பசையைப் புதிதாக மெல்லத் தடவுங்கள்.

புதியது எதுவாக இருக்கலாம்? மற்றொரு 7805 இன்றும் எளிதில் கிடைக்கும். அதே மூன்று கால்களோடு, மின்சாரத்தை விரைந்து விட்டுவிட்டுச் செலுத்தும் புதுவகைச் சீராக்கியும் உண்டு; அது மிகுதியை எரிப்பதில்லை, ஆதலால் சூடும் மிகக் குறைவு. காட்சிக்கு வைக்கும் பொறியில் பழைய வகையே இருக்கட்டும் என்பார் கூற்று நியாயமானதே. நாள்தோறும் இயக்கும் பொறிக்கு நான் புதுவகையையே வைப்பேன். கழற்றியதைத் தாளில் மடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவைப்பேன்.

இனி அவசரம் கூடாது. அந்த அரிய சில்லு பெரும்பாலும் செருகுதாங்கியில் இருக்கும். அதனை முதலில் பக்குவமாக வெளியே எடுத்துவிடுங்கள். மின்பெட்டியை இணைக்குமுன் அதன் செருகியையும் பாருங்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு நடுமுனை எதிர்மின். கையில் அகப்பட்ட வேறொரு செருகியைச் செருகினால் உழைப்பெல்லாம் வீண். பின்பு அளவியை வைத்துப் பாருங்கள்: 4.75க்கும் 5.25க்கும் இடையே நிற்க வேண்டும். நின்றால் மின்சாரத்தை நிறுத்திச் சில்லைத் திரும்பப் பொருத்தலாம்.

தொலைக்காட்சியில் முதலில் கருமை. பின்பு வெளுத்த திரை. அடியில் 1982 என்னும் ஆண்டைத் தாங்கிய ஒரே ஒரு வரி. அரைமணி நேரம் ஓடவிட்டு, அளவியை இன்னொருமுறை வைத்துப் பார்த்தபிறகே மூடியைத் திருகுங்கள்.