ஐயமும் ஓர் அறமே



தமிழ்ச் சங்க மேடையில் ஓர் அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். ரெஜினால்ட் ரோஸ் என்பவர் 1954-இல் தொலைக்காட்சிக்கென எழுதி, 1957-இல் சிட்னி லூமெட் இயக்கத்தில் திரைக்கு வந்த ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ அது. 1986-இல் பாசு சாட்டர்ஜி இந்தியில் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என எடுத்த படத்தை நம்மில் பலர் கண்டிருப்போம்.

நியூயார்க் நகரம்; கோடை வெப்பம்; பூட்டிய ஓர் அறை; அதனுள் 12 ஜூரர்கள். தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயது ஏழை இளைஞன் ஒருவன்மீது வழக்கு. தீர்ப்பு ஒருமனதாக அமைதல் வேண்டும். குற்றவாளி என்றால் மின்சார நாற்காலி. முதல் வாக்கெடுப்பில் 11 பேர் ‘குற்றவாளி’ என்கின்றனர். ஒருவர் மட்டும் மறுக்கின்றார். அவரும் ‘பையன் குற்றமற்றவன்’ என்று சாதிக்கவில்லை; தமக்குத் தெரியவில்லை என்றும், ஓர் உயிரைப் பறிக்குமுன் சிறிது நேரம் பேசுவோம் என்றுமே வேண்டுகின்றார்.

பேசப் பேசச் சாட்சியங்கள் தளர்கின்றன. அரிய கத்தி என்றார்கள். அதே போன்ற இன்னொன்றை அவர் மேசைமேல் வைக்கின்றார். கால் ஊனமுற்ற முதியவர் 15 வினாடியில் கதவருகே வந்ததாகச் சொன்னார். நடந்து பார்த்தால் 41 வினாடி ஆகின்றது. ஓடும் இரயிலின் சன்னல்களூடே கொலையைக் கண்டதாகச் சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடி பதிந்த தழும்பு. படுக்கையில் கண்ணாடி அணிந்திருப்பாரா? மற்றவர்களின் அவசரத்திற்கும் காரணங்கள் வெளிப்படுகின்றன. ஒருவருக்குப் பந்தாட்டம் காணும் ஆவல். ஒருவருக்குத் தம் மகன்மீதுள்ள கசப்பு. ஒருவருக்கு ஏழைப் பகுதியினர்மீது வெறுப்பு.

ஆயினும் எல்லா ஐயமும் நியாயமான ஐயமாகிவிடாது. நாம் வாழும் இதே மும்பையில் 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த கொலை வழக்கில், 9 ஜூரர்களில் 8 பேர் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். அமர்வு நீதிபதி அதனை ஏற்காது உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். அங்கு விதித்த ஆயுள் தண்டனையை 1961-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. பரிவினாலோ ஊர்ப்பேச்சினாலோ எழுவது நியாயமான ஐயமன்று. சாட்சியத்தை உரைத்துப் பார்த்த பின்னும் எஞ்சி நிற்பதே நியாயமான ஐயம்.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறைக்கு இடமில்லாது போயிற்று. நீதிமன்றத்தில் ஜூரர்கள் இல்லை. ஆனால் குடியிருப்பில் நாமெல்லாரும் ஜூரர்களே!

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமற் போயிற்று. அன்று மாலையே மாடிப்படியில் கூடி நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். “வேறு யார் வீட்டிற்குள் வந்தார்கள்?” என்ற ஒரு கேள்வியே நமக்குச் சாட்சியமாயிற்று. ஆறு வீடுகளில் வேலை செய்துவந்த அம்மாளை ஆறு வீட்டாரும் நிறுத்தினோம். பதினைந்து நாள் கழித்து, மடித்து வைத்த போர்வைக்குள்ளிருந்து சங்கிலி விழுந்தது. அந்த அம்மாளைத் தேடிச் சென்றோம். குடும்பத்தோடு வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். சிலம்புக்காக ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் கதையை நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாடகமாகக் கற்பிக்கின்றோம். ஆயின் ஒரு சங்கிலிக்காக நாமும் அவ்வாறே செய்தோம். வெளியூரார் என்ற பார்வையைத் தாங்கி இந்நகரில் வேரூன்றிய நாமா இதனைச் செய்தோம்?

படத்தின் இறுதியில் 12 பேரும் ‘குற்றவாளி அல்லன்’ என்கின்றனர். கொலை செய்தவர் யார் என்று கடைசிவரை தெரிவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு தண்டிக்கவில்லை என்பதே அவர்கள் செய்த அறம்.

அடுத்த முறை மாடிப்படியில் கூட்டம் கூடும்போது, “எனக்குத் தெரியாது, விசாரிப்போம்” என்று ஒரு குரலாவது எழட்டும். அக்குரல் நம் வீட்டிலிருந்து எழட்டும்.