அகலிகை கேட்ட கேள்வி



நம் நவீனப் புனைகதை பெண்ணை எப்படிப் பார்த்தது? புதுமைப்பித்தனிலிருந்து தொடங்குகிறேன். 1934இல் ‘பொன்னகரம்’ வந்தது. மில் கூலி அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி வார்க்க இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்களுக்கு அந்தக் கதை ஓர் அறை. ஆனால் அங்கே கொதிப்பவர் ஆசிரியர். அம்மாளுவின் மனத்தில் என்ன ஓடியது என்று நமக்குத் தெரியாது.

1943இல் ‘சாப விமோசனம்’ வருகிறது. வனவாசம் முடிந்து ராமனுடன் திரும்பிய சீதை, அகலிகையின் குடிசையில் உட்கார்ந்து தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவன் கேட்டானா, நீ ஏன் இணங்கினாய் என்று பதறுகிறாள் அகலிகை. தன்னை மன்னித்தவன் சீதையைச் சோதித்திருக்கிறான்! அந்த நீதியை அவளால் தாங்க முடியவில்லை. மறுபடியும் கல்லாகிறாள். நண்பர்களே, முதல் முறை கல்லானது சாபத்தால். இந்த முறை சாபமிட்டவர் எவரும் இல்லை. இரண்டு பெண்கள் தனியாகப் பேசிக்கொண்டதில் ஒரு காவியத்தின் தீர்ப்பே ஆட்டம் கண்டது. தமிழ் நவீனத்துவத்தின் மிகத் துணிச்சலான இடம் இதுதான் என்பேன்.

அதே புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் கதவு மறுபடி சாத்திக்கொள்கிறது. நோயாளி மனைவிக்குப் பிரமநாயகம் பிள்ளை செய்யும் பணிவிடையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். ஆயினும் அவருடைய களைப்பைத்தான் நாம் உள்ளிருந்து அறிகிறோம். செல்லம்மாளின் வலியை வெளியே நின்று பார்க்கிறோம். 1966இல் வெளியான ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலிலும் அலங்காரத்தம்மாளைப் பெரிதும் மகன் அப்புவின் தவிப்பு வழியாகவே காண்கிறோம். கலையில் குறையே இல்லை. பார்வைதான் ஆணுடையது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ இந்தப் பார்வையை மாற்றியது. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். இருண்ட சிறு சமையலறை. அதை ஆள்வதே அதிகாரம் என்று வாழ்ந்து மூத்த ஜீஜியிடம் மருமகள் மீனாட்சி, இதில் நீ இழந்தது என்ன என்று பேசுகிறாள். அகலிகையும் சீதையும் விட்ட பேச்சை இவர்கள் தொடர்கிறார்கள்.

இந்தக் கதைகளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். உங்கள் அம்மாவிடமும் மனைவியிடமும் மகளிடமும் வாசித்துக் காட்டுங்கள். செல்லம்மாள் என்ன நினைத்திருப்பாள் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.