அரசாணையும் ஆங்கிலமும்: சோசெகியின் இலண்டன் ஆண்டுகள்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அரசின் செலவில் அயல்நாடு சென்று மொழி பயில்வோரைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பொதுவாகப் பேசப் புகுந்தால் அது திட்டங்களின் பெயர்ப்பட்டியலாக முடிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்கிறேன். கல்லூரிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அவர் பாதியில் நின்றுபோன மாணவர். ஜப்பானிய நாவலின் முதன்மையான ஆசிரியர்களுள் ஒருவராகப் பின்னர் விளங்கிய நாட்சுமே சோசெகியே அவர். இந்த அவையில் கவிஞர்கள் மிகுதி. அவர் ஹைக்கூவும் எழுதியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மெய்ஜி கால ஜப்பான் மேலைநாட்டு ஆசிரியர்களைப் பெரும் ஊதியம் கொடுத்து வரவழைத்தது. நாளடைவில் அந்த இடங்களில் தன் நாட்டவரையே அமர்த்த எண்ணி, ஆசிரியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைத்தது. 1900-ஆம் ஆண்டு மே மாதம், குமமோட்டோவில் ஐந்தாம் உயர்கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துவந்த சோசெகிக்கு அத்தகைய ஆணை ஒன்று கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33. இரண்டாண்டுகள் இங்கிலாந்தில் தங்க ஆண்டுக்கு 1,800 யென். ஊரில் இருக்கும் வீட்டாருக்கு ஆண்டுக்கு 300 யென். திரும்பி வந்தபின், பயின்ற காலத்தைப் போல் இருமடங்கு காலம் பணியாற்ற வேண்டும்.

ஆணையில் ‘ஆங்கில மொழி ஆய்வு’ என்று இருந்ததே தவிர, ‘ஆங்கில இலக்கியம்’ என்று இல்லை. வேறொருவராக இருந்தால் கப்பல் ஏறுவதிலேயே கருத்தாக இருந்திருப்பார். சோசெகியோ கல்வி அமைச்சகத்துக்குச் சென்று, மொழியை மட்டுந்தான் படிக்க வேண்டுமா என்று கேட்டார். உயர் அலுவலராக இருந்த மொழியியலறிஞர் உவேதா கசுதோஷி, அவ்வளவு குறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை, திரும்பி வந்து கற்பிக்கப் பயன்படுவதைப் படித்து வந்தால் போதும் என்று விடை கூறினார். அந்த அலுவலரை நாம் பாராட்ட வேண்டும். மாதந்தோறும் வருகைப் பதிவும் பருவந்தோறும் தேர்ச்சிச் சான்றும் கேட்கும் உதவித்தொகைத் திட்டங்களில் சோசெகி ஆறு மாதம் தாங்கியிருப்பாரா என்பது ஐயமே.

செப்டம்பரில் யோகோஹாமாவில் கப்பல் ஏறி, அக்டோபர் இறுதியில் இலண்டன் சேர்ந்தார். எங்கே சேர்வது என்பதே முதல் சிக்கல். கேம்பிரிட்ஜுக்குச் சென்று பார்த்தார். அங்கே படிப்பைவிடக் கனவான் வாழ்க்கைக்கே செலவு மிகுதி என்றும், தம் உதவித்தொகை அதற்குக் காணாது என்றும் கண்டார். ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் எண்ணிப் பார்த்து, ஆங்கிலம் பழக அவை ஏற்ற இடங்கள் அல்ல என்று விலக்கினார். முடிவில் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் டபிள்யூ. பி. கெர் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்கத் தொடங்கினார். எதிர்பார்த்த அறிவு கிட்டவில்லை. மூன்று நான்கு மாதங்களில் நிறுத்திவிட்டார். அவருடைய கல்லூரிப் படிப்பு அவ்வளவுதான்.

தனியாசிரியர் ஒருவரிடமும் சேர்ந்திருந்தார். அவர் ஷேக்ஸ்பியர் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் கிரெய்க். ஆர்டன் பதிப்பில் ‘லியர் அரசன்’ நாடகத்தைப் பதிப்பித்தவர். அயர்லாந்தின் ஆங்கிலம் வேண்டாம் என்று ஒதுக்கியவருக்கு வாய்த்த ஆசிரியர் ஓர் அயர்லாந்துக்காரர்! அவருடைய உச்சரிப்பைப் புரிந்துகொள்ளச் சோசெகி பட்ட பாட்டை, 1909-இல் அவர் எழுதிய நினைவுச் சித்திரத்தில் காணலாம். கிரெய்க் முறையாகப் பாடம் நடத்தியவர் அல்லர். கவிதை படிக்கத் தொடங்கினால் தோள்கள் அதிரும். மாணவனை மறந்து தமக்காகவே படிப்பார். எந்த மொழிப் பயிற்சித் திட்டத்திலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆயினும் ஏறத்தாழ ஓராண்டு சோசெகி அங்கே சென்றுவந்தார்.

அதன்பின் அறைக்குள் அடைந்துகொண்டார். இளமையில் சீன இலக்கியத்தைக் கற்றுச் சுவைத்தவர் அவர். ஆங்கிலத்திலும் அத்தகைய சுவையே கிட்டும் என்று நம்பி அத்துறைக்கு வந்தவர். ஆங்கிலப் புலமை குறைவில்லை. சுவை மட்டும் அவ்வாறு கிட்டவில்லை. ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயம் அவரை அரித்தது. ஆங்கிலேயத் திறனாய்வாளர் உயர்ந்தது என்றால் நாமும் உயர்ந்தது என்று ஒப்பிக்க வேண்டுமா? அப்படியானால் இலக்கியம் என்பதுதான் யாது? இக்கேள்விக்காக உளவியலும் சமூகவியலும் படித்து, பொடி எழுத்தில் குறிப்புகளைக் குவித்தார். தம் தீர்ப்பைத் தாமே செய்யும் துணிவு இலண்டனில்தான் பிறந்தது என்று 1914-இல் தோக்கியோவில் மாணவரிடையே பேசியபோது கூறினார். பிறமொழிக் கவிதையைப் படித்து, நமக்குத் தோன்றியதைச் சொல்லக் கூசி நிற்கும் நம் போன்றோர்க்கு இது தொலைவான செய்தி அன்று.

இந்தத் தனிமையைத் தவம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சோசெகியின் நரம்புகள் தளர்ந்தன. 1902-இல் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்ற செய்தி தோக்கியோவரை சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, 1903 ஜனவரியில் நாடு திரும்பினார்.

தோக்கியோ பல்கலைக்கழகத்தில் அமர்த்தப்பட்டார். மாணவர்கள் பெரிதும் போற்றிய லாஃப்காடியோ ஹெர்ன் விட்டுச்சென்ற இடம் அது. புதியவருடைய வறண்ட பாடம் முதலில் அவர்களுக்குக் கசந்தது. ‘மேக்பெத்’ தொடங்கியபின் வகுப்பு நிரம்பியது. கட்டாயப் பணிக்காலம் நான்காண்டுகள் முடிந்த 1907-இல் பதவியைத் துறந்து, ‘அசாஹி’ நாளிதழுக்கு நாவல் எழுதச் சென்றார். இலண்டன் குறிப்புகளிலிருந்து விளைந்த ‘இலக்கியக் கோட்பாடு’ அதே ஆண்டில் நூலாயிற்று. அமைச்சகத்தின் கணக்கில் இது வரவா செலவா என்று எப்படி எழுதியிருப்பார்களோ, அறியேன்!

கவிஞர்களுக்காக இன்னும் ஒன்று. ஹைக்கூவைப் புதுப்பித்த மசவோகா சிகி அவருடைய உயிர்த்தோழர். முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்த அவருக்குச் சோசெகி இலண்டன் வாழ்க்கையை எழுதி அனுப்பினார். அக்கடிதங்கள் 1901-இல் ‘ஹோதோதோகிசு’ இதழில் வெளிவந்தன. தாம் காணவே முடியாத மேலைநாட்டை அவற்றில் கண்டு மகிழ்ந்த சிகி, இயன்றால் இன்னொன்று எழுதுமாறு அவ்வாண்டு நவம்பரில் வேண்டினார். படிப்பில் மூழ்கியிருந்த சோசெகி எழுதவில்லை. 1902 செப்டம்பரில் சிகி மறைந்தார். இரண்டு மாதங்களுக்குப் பின்னரே அச்செய்தி இலண்டனை எட்டியது. 1906-இல் ‘நான் ஒரு பூனை’ நாவலின் இரண்டாம் தொகுதி முன்னுரையில், எழுதாமற்போன அந்தக் கடிதத்தைப் பற்றிச் சோசெகி எழுதினார். அந்தத் தொகுதியை மறைந்த நண்பருக்குப் படையலாக்கினார்.